பெருக்கல் குறி

நீர்வாசல் என்ற ஊர்
எந்த வரைபடத்திலும் இல்லை.
பத்தொன்பது வருடம் முன்னால் வந்த
ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிறது.
செய்த கம்பெனியை இழுத்து மூடியாயிற்று.
பதினான்கு மதகுகள், ஒரு கலங்கரை விளக்கம்,
அவற்றைப் பற்றி
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு விக்கிப் பக்கங்கள்.
பக்கங்கள் நாங்கள் எழுதியவை.

நாங்கள் என்றால்
பிர்னோ ஆஸ்பத்திரியில் இரவெல்லாம்
ரத்தக் குப்பிகளை எண்ணும் விளாஸ்தா,
அகுரேரியில் ஐந்து நாய்களோடு இருக்கும் எய்தீஸ்,
டிராம் ஓட்டும் நான்.
கடைசி நிறுத்தத்தில் டிராம் எட்டு நிமிஷம் நிற்கும்.
என் பங்கு முழுக்க அந்த எட்டு நிமிஷங்களில் எழுதியது.

முதலில் ஓரத்தில் ஒரு பட்டை வந்தது.
இருக்கட்டும், இடம் சும்மாவா தருவான் என்றோம்.
அப்புறம் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று.
அப்புறம் கேட்காமலே பேச ஆரம்பிக்கும் வீடியோ,
மதகைப் பற்றி அல்ல, ஷாம்பு பற்றி.
மூன்றாம் மதகின் படத்தின் மேல்
கார் இன்சூரன்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.
மூழ்கிச் செத்த படகுக்காரியின் பக்கத்தில்
நீச்சல் உடை,
நாற்பது சதவீதத் தள்ளுபடி.

மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி உண்டு.
கடுகளவு.
நெம்புகோல் பிடித்துக் காய்த்துப்போன என் கட்டைவிரல்
அதைத் தொட்டால்
இன்சூரன்ஸைத் தொட்டதாகிவிடும்.
பள்ளிக்கூடத்தில் சொன்னது சரிதான்.
பெருக்கல் குறி போட்டால் எதுவும் குறையாது.

விளாஸ்தா அதிகம் பேசுகிறவள் இல்லை.
ஒரு நாள் விடிகாலை மூன்றே முக்காலுக்கு எழுதினாள்:
“எழுதுறது நாம. விக்கிறது அவங்க.
கிளம்பலாம்.”

எழுத்தெல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிட்டது.
படங்கள் வர மறுத்தன.
ஆறாயிரத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினாள் எய்தீஸ்,
குளிர்காலம் முழுக்க,
நாய்களுக்குத் தீனி வைக்கும் நேரம் போக.
புது இடத்துக்கு வாடகை மாதம் பதினான்கு யூரோ.
உண்டியலில் முதல் மாதம் ஒன்பது விழுந்தது.
மிச்சம் யார் போட்டது என்று கேட்க வேண்டாம்.

புது இடம் வெள்ளையாக இருந்தது.
மதகுப் பக்கத்தைத் திறந்தால்
மதகு.
கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பழையதை இடிக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது.
எழுதிய நாளே அது அவர்களுடையது என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறோமாம்.
வாசலில் புது விலாசத்தை ஒட்டினேன்.
இரண்டு மணி நேரத்தில் கிழித்தார்கள்,
ஒட்டின குற்றத்துக்கு என் கணக்கையும் முடக்கினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை.
ஒன்பதாம் மதகு திறப்பது ஏழு மணிக்கு.
நான்தான் நான்கு என்று எழுதிவைத்திருந்தேன்,
ஒரு பனி நாளில், எட்டாவது நிமிஷத்தில், அவசரமாக.
புது இடத்தில் திருத்திவிட்டேன்.
பழைய இடத்தில் திருத்த எனக்குக் கை இல்லை.
தேடுபொறி இன்னமும் அங்கேதான் ஆளை அனுப்புகிறது.
தினமும் எத்தனையோ பேர்
நான்கு மணிக்கு மதகடியில் போய் நின்று மூழ்குகிறார்கள்,
என் பேச்சைக் கேட்டு,
சுற்றிலும் நீச்சல் உடை.

நேற்றுக் கடைசி நிறுத்தத்தில்
ஒரு பெண் இறங்கவில்லை.
மடியில் முள்ளங்கிப் பை, கையில் போன்.
எதையோ குத்துகிறாள், திட்டுகிறாள், மறுபடி குத்துகிறாள்.
அந்தக் குத்து எனக்குத் தெரியும்.
எட்டிப் பார்த்தேன்.
மதகின் பச்சைத் தண்ணீர் ஒரு விரற்கடை தெரிந்தது.

“ஒன்பதாவதா? ஏழு மணிக்குத்தான் திறக்கும்” என்றேன்.
“நாலுன்னு போட்டிருக்கே” என்று திரையைத் திருப்பிக் காட்டினாள்.
“மூணு தடவை செத்துட்டேன்.
எந்த மடையன் எழுதினானோ!”

எட்டு நிமிஷம் முடிந்திருந்தது.
மணியை அடித்து
வண்டியை எடுத்தேன்.